நாவலரவர்களும் கேட்போர் செவியும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாசத்து மக நட்சத்திரத்திலே நம்முடைய சைவ வித்தியாசாலைகளில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய குருபூசை நடைபெறுதலை யாவரும் அறிவர். திருவுருவப் படத்திற்கு மாலை சாத்தித் தீபங் காட்டியபின் பிரசங்கங்கள் தொடங்கும். பெரியோர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நாவலரவர்களுடைய நாவன்மையைப் புகழ்வர். அச்சபைகளிலே நாம் பலகாலம் இருந்து கண்டதொன்றுண்டு. நாவன்மையைப் பற்றிய அப்பிரசங்கங்கள் நிகழும்பொழுதே முன்வரிசைப் பிள்ளைகள் உறங்குவர். பின்வரிசைப் பிள்ளைகள் தம்முட் பேசுவர். உபாத்தியாயர் எழுந்து நோக்கியவுடன் சிறிதுநேரம் வாய் மூடியிருப்பர். பிரசங்கியாரைப் பேசவேண்டாமென்று தடுத்தவர் ஒருவருமிலர். ஆயினும் அவர் சொல்லியது எவர் செவியிலும் புகுந்ததில்லை. அப்பிரசங்கியார் வரிசையிலே நாமும் பலமுறை நின்றிருக்கின்றோமாதலின், இதனைப் பிறர்மேற் குற்றமாகச் சொல்லுகின்றோமல்லேம்.

பேசும் உரிமை ஒன்று, கேட்கப்படுதல் வேறொன்று. முன்னையது அரசும் சட்டமும் தரத்தக்கது. பின்னையது கேட்போர் மனமிசைந்து தந்தாலன்றிக் கிடையாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர், தம் சொல் ஏற்கப்படாதபொழுது தம்முடைய உரிமை பறிக்கப்பட்டதென்று வெகுள்கின்றனர். உபாத்தியாயராகிய நமக்கோ இம்மயக்கம் மிக எளிதில் உண்டாவதாகும். ஏனெனில், வகுப்பிலே பேசும் அதிகாரம் நமக்கு நியமனக் கடிதத்தோடு வந்துவிடுகின்றது. நாவலரவர்களுடைய சரித்திரத்தை இவ்வொரு நோக்கோடு எடுத்து ஆராய்ந்தால், நம்முடைய தொழிலுக்குப் பெரிதும் பயன்படும் செய்திகள் அதிலே காணப்படும்.

முதலாவது, நம் முன்னோர் பேசவும் கூடாதிருந்த காலத்தை நினைத்தல் வேண்டும். 1621 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். பின்வந்த ஒல்லாந்தர் காலத்திலும் சைவர்கள் தம் சமயத்தை வெளிப்பட அனுட்டித்தற்குத் தடைகள் இருந்தன. உத்தியோகத்தையும் முதுசத்தையும் காத்தற்பொருட்டுப் பலர் ஞானஸ்நானம் பெற்றுப் பதிவேட்டிலே பெயர் எழுதுவித்து, வீட்டினுள்ளே மறைவாகத் திருநீறு தரித்தனர். அவ்வாட்சியின் இறுதிக் காலத்திலேதான் அத்தடை தளர, வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையிலே சிவன்கோயிலைக் கட்டுவித்தார். 1795 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் கோயில் எடுக்கவும் திருவிழாச் செய்யவும் சமயம் பேசவும் நம்மவருக்குத் தடையில்லை. ஆகவே, நாவலரவர்கள் பிறக்குமுன்னரே வாய்ப்பூட்டுக் கழன்றுவிட்டது.

அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர் பெரும்பாலும் பாதிரிமாரே. உவெஸ்லியன் மிஷனார் 1814 இலும், அமெரிக்க மிஷனார் 1816 இலும், சேர்ச் மிஷனார் 1818 இலும் வந்து பாடசாலைகளைத் தாபித்தனர். 1823 இலே வட்டுக்கோட்டையில் பெரிய கல்விச்சாலை எழுந்தது. 1841 இலே உதயதாரகை என்னும் பத்திரிகை வெளிவந்தது. பணமும் அச்சியந்திரமும் அரசினரின் தயவும் அவர்களிடத்திலே இருந்தன. வேதபாடத்தைப் படித்தாலன்றி ஆங்கிலங் கிடையாதாகையால், பிள்ளைகள் இருந்து கேட்டேயாகவேண்டியதாயிற்று. இத்தனை வசதிகளோடு பல்லாண்டு பேசியும், இந்நாட்டிற் பெரும்பான்மையோர் சைவராகவே இருந்தனர்.

இதன் காரணம் மிஷன் பாடசாலையிலே படித்த நமக்கு அநுபவத்தால் தெரியும். காலைப் பிரார்த்தனை வேளையிலே நாம் கைகட்டி நிற்போம். கண் முன்னே நிற்பவரை நோக்கும். மனமோ வெளியிலுள்ள மாமரத்தை நோக்கும். அங்கே நாள்தோறும் கேட்ட போதனைகளுள் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை. ஆனால், நாம் காய்ச்சலாய்க் கிடந்தபொழுது வீடுதேடி வந்து, விடுபட்ட கணக்குகளைத் திண்ணையிலிருந்து சொல்லித்தந்த ஒரு கிறிஸ்தவ உபாத்தியாயருடைய சொற்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. அவர் எம்மை மதம் மாற்றவில்லை. நாம் மாறவும் இல்லை. ஆயினும் அவர் பேசியபொழுது நம் செவி தானே திறந்தது. அவரிடத்திலே கற்ற பாடம் இன்றுவரை நமக்குப் பயன்படுகின்றது.

நாவலரவர்கள் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய் அவதரித்தார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்தார்கள். தமிழிலக்கண இலக்கியங்களைச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் கற்றார்கள். ஆங்கிலத்தை உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடத்துக் கற்று, அங்கேயே உபாத்தியாயருமானார்கள். பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிலே பெயர்க்கத் தொடங்கியபொழுது, அவருக்கு உற்ற துணையாய் இருந்தவர் இவ்விளைஞரே.

இச்செய்தியைச் சிலர் சொல்லக் கூசுகின்றனர்; சிலர் வெறும் புலமைச் சான்றாகச் சொல்லிக் கடந்து போகின்றனர். நாமோ இதனையே இச்சரித்திரத்தின் திறவுகோலாகக் கொள்ளுகின்றோம். ஒரு நூலை மொழிபெயர்ப்பவன் அதன் ஒவ்வொரு சொல்லையும் செவி தாழ்த்திக் கேட்டாலன்றி ஓரடியும் பெயர்க்கமாட்டான். பிறர் சமயநூலை அவ்வாறு பல்லாண்டு கேட்டறிந்தபின்னரே நாவலரவர்கள் அச்சமயத்தாருக்கு மாறாக வாய்திறந்தார்கள். 1854 ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தைப் பார்ப்போர் இதனை உணர்வர். சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு, அவர்களுடைய வேதத்திலேயே கூறப்பட்ட ஆலயவழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டி அந்நூல் விடை சொல்லுகின்றது. எதிரியின் நூலைக் கேட்டறியாதவர் அவ்விடையைச் சொல்லுதல் கூடாது. எதிரியும் அதனை இகழ்ந்து தள்ளுதல் எளிதன்று.

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலையிலே, வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் வசந்தமண்டபத்திலே நாவலரவர்கள் தம்முடைய முதற் பிரசங்கத்தைச் செய்தார்கள். யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாகி அப்பொழுது 52 ஆண்டுகள் கழிந்திருந்தன. கோயில்களிலே புராணபடனம் முன்னும் இருந்தது; ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். பாதிரிமாரை மறுத்து நூல் செய்தவராகச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரும் இருந்தார். ஆயினும் வாரந்தோறும் குறித்த நாளிலே, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கற்றாரும் கல்லாதாரும் விளங்கும்படி வசனத்திலே விரித்துரைக்கும் முறை புதிது. அம்முறையை அவர்கள் பாதிரிமாரிடத்திலே கண்டு எடுத்துக்கொண்டார்கள். நல்லதை எவரிடத்தும் கற்றல் நமக்கு இழுக்காகாது.

வெள்ளிக்கிழமைதோறும் நடந்த அப்பிரசங்கங்களிலே தோழராகிய கார்த்திகேய ஐயரும் உடன்பேசினார். ஆங்கே எடுக்கப்பட்ட பொருள்கள் எவை? சிவலிங்க வழிபாடு, தீட்சை, கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறன்மனை நயவாமை, தருமம் என்பன. பிறமதத்தாரை இகழ்ந்து கூட்டத்தைச் சிரிக்கச் செய்தல் எளிது. வந்திருப்போருடைய சொந்தக் குற்றங்களை அவர்கள் முன்னிலையிலே எடுத்துரைத்து, அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர்களை வரச் செய்தல் அரிது. அவ்வரிய காரியம் நிகழ்ந்தது. பேசியவர் தாமும் அவ்வொழுக்கத்தில் நிற்பவரென்பதைக் கேட்டோர் அறிந்திருந்தமையே அதற்குக் காரணமென்க. 1848 ஆம் ஆண்டிலே மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டு விலகியதும் அவ்வறிவை உறுதிப்படுத்திற்று.

அவ்வாண்டு ஆவணி மாசத்திலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. 1849 ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டு இந்தியாவுக்குச் சென்றவிடத்து, திருவாவடுதுறை ஆதீனத்தார் இவர்களுடைய பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். கொண்டுவந்த அச்சியந்திரம் வித்தியாநுபாலன யந்திரசாலையென்னும் பெயரோடு வண்ணார்பண்ணையிலே இயங்கலாயிற்று.

இங்கே உபாத்தியாயர்கள் நின்று நோக்கவேண்டியதொன்றுண்டு. பெரும்பாலோர் பேச்சு வன்மையை வளர்ப்பதோடு அமைவர். நாவலரவர்கள் கேட்போரையும் உண்டாக்கினார்கள். செய்யுள் அறியாதவர் நாயன்மாருடைய சரித்திரத்தை அறியும்படி 1852 இலே பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார்கள். வாசிப்போர் இடறாதபடி சந்திகளைப் பிரித்தும் நிறுத்தக்குறிகளை இட்டும் பதிப்பித்தார்கள். சிறுவருடைய வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார்கள். இலக்கணத்தை நன்னூற் சூத்திரங்களிலிருந்து தொடங்காமல் எளிய வசனத்திலே சுருக்கித் தந்தார்கள். சைவசமய உண்மைகளை வினாவும் விடையுமாக அமைத்தார்கள். வினாவிடை என்னும் அவ்வமைப்பிலே, கேட்கும் பிள்ளைக்கும் ஒரு வாய் உண்டு என்பதைக் கவனித்தல் வேண்டும். 1864 இலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். ஒரு மாலைநேரப் பிரசங்கத்தைக் கேட்கத்தக்க சமுதாயத்தை உண்டாக்க அவர்கள் செலவிட்ட காலம் முப்பது ஆண்டுகளென்று சொல்லுதல் பொருந்தும்.

இனி, அவர்கள் சொல் ஏறாத இடங்களையும் மறையாது சொல்லுதல் நம் கடன். குருவைப் புகழ்வோர் இப்பகுதியை விட்டுவிடுவதனாலேயே மாணாக்கர் அதனை வேறிடத்திலே கேட்டு மயங்குகின்றனர்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே மூலத்தானத்தில் ஆகமவிதிப்படி திருவுருவம் தாபியாது வேலாயுதத்தை வைத்துப் பூசித்தலும், திருவிழாக்களிலே தாசிகள் நடனம் நிகழ்தலும் தகாவென்று நாவலரவர்கள் கடுமையாகக் கண்டித்துப் பத்திரிகைகள் வெளியிட்டார்கள். அவர்கள் பிறந்த ஊர்க் கோயில் அது. எழுதுதற்கு ஒருவரும் தடைசெய்யவில்லை. கோயிலை நடத்தினோர் கேட்கவுமில்லை. நடனம் காலகதியிலே மறைந்தது. வேலோ இன்றும் மூலத்தானத்திலே விளங்குகின்றது. அவ்வேலின்முன் உருகி நிற்கும் அடியார் கூட்டத்தை ஆவணித் திருவிழாக்காலத்திலே காணாதார் நம்முள் யார்?

அவ்வாறே, இராமலிங்க சுவாமிகளுடைய பாடல்களை அருட்பாவென்று வழங்குதல் தகாதென்று அவர்கள் எழுப்பிய வாதம் பகையாய் மூண்டு, 1869 ஆம் ஆண்டிலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. இருபக்கத்தாரும் கடுஞ்சொற்களைச் சொரிந்தனர். இன்னது பேசலாம், இன்னது பேசினாற் குற்றம் என்று நீதிமன்றம் வரையறுத்தல் கூடும். எதனைக் கேட்டு உருகுவதென்று மக்களுக்கு விதித்தல் அதற்குக் கூடாது. அப்பாடல்களைத் தமிழ்நாட்டார் அன்றும் பாடினர். இன்றும் அருட்பாவென்றே பாடுகின்றனர். வசந்தமண்டபத்திலே தம்மவர் குற்றத்தைச் சொல்லியும் செவிபெற்றவர், இங்கே பெறாமைக்குக் காரணம் என்னை? கல்வி குறைந்ததன்று, நியாயம் சொல்லத் தெரியாமையுமன்று. அங்கே திருத்தவேண்டுமென்னும் அன்பு முன்னே நின்றது. இங்கே வெல்லவேண்டுமென்னும் எண்ணம் முன்னே நின்றது. இவ்வளவே நமக்குத் தோன்றுகின்றது. மாறாக எண்ணுவோர் உளராயின் அவர் கூறுவதைக் கேட்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

இதனினும் பெரியதொரு குறையுண்டு. வண்ணார்பண்ணை வசந்தமண்டபம் கோயிலினுள்ளே உள்ளது. தாழ்த்தப்பட்ட சாதியாரென்று விலக்கப்பட்டோர் அக்காலத்திலே கோயிலினுட் செல்லுதல் கூடாது. ஆகவே அவர்கள் அப்பிரசங்கங்களைக் கேட்போராக எண்ணப்படவேயில்லை. நாவலரவர்கள் சாதியாசாரத்தை ஏற்று வற்புறுத்தியவர்களே. அவர்களுடைய வித்தியாசாலைகளும் அவ்வாசாரத்தின்படியே நடந்தன. சைவத்திலே பிறந்தும் சைவப்பிரசங்கத்தைக் கேட்கப்பெறாதார் மிஷன் பாடசாலைகளை நாடினாரென்றால் அவரை எப்படி நோவது? இலங்கையிலே சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யுஞ் சட்டம் 1957 இலேதான் வந்தது. அதன் பின்னரும் 1968 இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப்பிரவேசம் வேண்டி மக்கள் போராடவேண்டியதாயிற்று. கேட்க வந்தவனைப் புறத்தே நிறுத்திவிட்டு, நம் சொல்லை உலகம் கேட்கவில்லையென்று வருந்துதல் நமக்குத் தகாது. குருவினுடைய தொண்டைப் போற்றும் நாம், அவர்கள் விட்ட இக்குறையை நிறைவு செய்தலையும் அவர்களுக்குச் செய்யும் வழிபாடாகக் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியோர் நாவலரவர்களுடைய சொல்லைக் கேளாதவரும் கேட்கவிடப்படாதவருமாவர். கேட்டு மகிழ்ந்தும் கேளாதவர்போல் ஒழுகினாரும் உளர். சைவப்பிள்ளைகள் ஆங்கிலத்திற்காக மிஷன் பாடசாலைக்குச் செல்லாதிருத்தற்பொருட்டு, 1872 இலே அவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். பொருளுதவி போதாமையால் 1876 இலே அது மூடப்பட்டது. பிரசங்கத்திற்குத் தலையசைத்த செல்வர்கள் அப்பொழுது எங்கே இருந்தார்களோ! தலையசைப்பைக் கேள்வியென்று எண்ணுதல் பிரசங்கிமாருக்கும் உபாத்தியாயருக்கும் பொதுவாயுள்ள மயக்கமாகும்.

1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சமும் பேதிநோயும் வந்தன. நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். பின்னர் 1878 இலே, பஞ்சகாலத்திலே குடிகளைக் காவாத குற்றத்தை எடுத்து, அரசாங்க ஏசண்டராகிய துவைனம் துரையைக் கண்டித்து எழுதினார்கள். அதிகாரத்திலுள்ளவரை எதிர்த்து எழுதிய அச்சொல்லை ஊரார் தம்முடைய சொல்லாகவே கொண்டனர். பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தவர் பசியைப்பற்றிப் பேசினாராதலின், அச்சொல்லை ஐயுறுவாரில்லை.

1879 ஆம் ஆண்டு மே மாதத்திலே சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தார். சட்டநிரூபண சபையிலே தமிழருக்குரிய அவருடைய இடத்துக்கு, அவர் மருகராகிய பொன்னம்பலம் இராமநாதனை நியமிக்கவேண்டுமென்று நாவலரவர்கள் முன்னின்று சைவப்பிரகாச வித்தியாசாலையிலே கூட்டம் கூட்டினார்கள். அக்காலத்திலே குடிகளுக்கு வாக்குரிமையில்லை, நியமிப்பவர் தேசாதிபதியே. அவ்வுரிமை இல்லாதிருந்தும் அவர்கள் சொல் பயன்பட்டது, இராமநாதனே நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ஆடிமாசத்துச் சுவாதி நட்சத்திரத்திலே, சுந்தரமூர்த்திநாயனார் குருபூசையன்று, தம்முடைய இறுதிப் பிரசங்கத்தைச் செய்தார்கள். 1879 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5 ஆம் திகதி சிவபதம் அடைந்தார்கள்.

அவர்கள் சொல் அத்தோடு ஓய்ந்திலது. 1888 இலே சைவபரிபாலன சபை எழுந்தது; 1889 இலே இந்துசாதனம் வெளிவந்தது; அவர்கள் காலத்தில் மூடப்பட்ட ஆங்கில வித்தியாசாலையின் நோக்கம் 1890 இலே யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரியாய் நிறைவேறிற்று; 1923 இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நிறுவிற்று. உயிரோடிருந்த காலத்திலே கேளாதவர்களுடைய பிள்ளைகள் பின்னர்க் கேட்டனர். அவர்கள் கேட்கும்படி செய்தவர்கள், பாலபாடத்தைக் கையிலேந்தி ஊர்தோறும் சென்ற உபாத்தியாயர்களே. அவர்களுடைய பெயர்களுள் பல இன்று ஒருவருக்கும் தெரியா.

அவ்வுபாத்தியாயர் வழியிலே வந்த நாம் செய்யத்தக்கது யாது? திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தை 42 ஆவதாகவும், சொல்வன்மை என்னும் அதிகாரத்தை 65 ஆவதாகவும் வைத்தனர். கேட்கப் பழகியபின் சொல்லப் பழகுதலென்னும் ஒழுங்காக நாம் அவ்வைப்பைக் கொள்ளலாம். வகுப்பிலே நாம் பேசுவதைப் பிள்ளைகள் தடுக்கமாட்டார்கள். அதனை அவர்கள் கேட்கின்றார்களென்பதற்குச் சான்றாகக் கொள்ளாதொழிவோமாக. ஒரு பிள்ளை ஒன்றை விளங்கவில்லையென்று சொல்லத் துணிந்தானாயின், அன்று நம் சொல் அவன் செவியிற் புகுந்தது என்று அறிக. அவனைச் சினந்து இருத்திவிட்டால், அதன்பின் நாற்பது பிள்ளைகளும் நம்மை அமைதியாகக் கேளாதிருப்பர்.

வருங் கார்த்திகை மகத்திலே நம்முடைய வித்தியாசாலையில் ஒரு சிறு மாற்றஞ் செய்ய எண்ணியிருக்கின்றோம். பிரசங்கம் ஒன்றே, அதுவும் கால்மணி நேரமே. எஞ்சிய நேரம் பிள்ளைகளுக்குரியது. நாவலரவர்களைப்பற்றி அவர்கள் எதனையும் வினாவலாம். நல்லூர் வேலைப்பற்றியும் வினாவலாம். கோயில் வாயிலிலே நிறுத்தப்பட்டோரைப்பற்றியும் வினாவலாம். விடை தெரிந்தால் சொல்லுவோம். தெரியாவிடில் தேடிச் சொல்லுவோம். நம் சகோதர உபாத்தியாயர்களும் தத்தம் பாடசாலைகளிலே இதனைச் செய்து பார்த்து, நிகழ்ந்ததை இப்பத்திரிகைக்கு எழுதுவார்களாயின், நாம் ஆவலோடு வாசிப்போம். கேட்போரை உண்டாக்கிய நாவலரவர்களுடைய திருவடிகளை வணங்கி இவ்வளவில் அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்